தகவலாளி என்றொரு வேலை

சூனியக்காரர்கள் எல்லோரும் புரட்டர்கள் என்று நம்பிய ஓர் இளைஞன், அந்தப் புரட்டை அம்பலப்படுத்துவதற்காகவே அவர்களிடம் சீடனாகச் சேர்ந்தான். வித்தை பிடிபட்டது. பறவையின் மெல்லிய தூவியை வாய்க்குள் ஒளித்துவைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் உடலில் வாய்வைத்து உறிஞ்சுவதுபோல் நடித்து, இரத்தம் தோய்ந்த அந்தத் தூவியைத் துப்பி, ‘இதோ உன் நோய்’ என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் இரகசியம். ஆனால் தன்னைக் குணப்படுத்தப்போவது இவன்தான் என்று கனவு கண்ட ஒரு நோயாளி, இந்தப் பொய் வைத்தியத்தில் உண்மையாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார். இளைஞனின் பெயர் ஊரெங்கும் பரவியது. அதன் பிறகு தன் அவநம்பிக்கையின் மீதே அவனுக்கு அவநம்பிக்கை வந்தது.

கேசலிட் என்ற அந்த மனிதனின் கதையை 1949இல் எழுதிய ஒரு கட்டுரை மூலம் உலகப் புகழ் பெறவைத்தவர் பிரெஞ்சு மானிடவியலாளர் க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ். மந்திரம் எப்படிப் பலிக்கிறது என்று விளக்க வரும் எவரும் இன்றும் கேசலிட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். லெவி-ஸ்ட்ராஸுக்குக் கதை கிடைத்த இடம், கனடாவின் மேற்குக் கரையில் வாழும் க்வாக்கியூட்ல் மக்களைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1930இல் வெளியிட்ட நூல். அந்தக் கட்டுரையில் கேசலிட் ஒரு பழங்குடி மந்திரவாதி. அதற்கு மேல் ஒரு விவரமும் கிடையாது.

கேசலிட் என்பது ஜார்ஜ் ஹன்ட் என்பவருடைய மந்திரவாதிப் பெயர். அவர் சொன்னது சொந்தக் கதை. அதை எழுதியதும் அவரே. ஹட்சன் பே கம்பெனியில் வேலை பார்த்த ஆங்கிலேயர் அவருடைய தந்தை; தாய் ட்லிங்கிட் இனத்தின் உயர்குடிப் பெண். பிறந்தது 1854இல். வளர்ந்தது ஃபோர்ட் ரூபர்ட் என்ற வணிகக் கோட்டையில், க்வாக்கியூட்ல் மக்கள் நடுவே. மணம் முடித்ததும் அவர்களிடையேதான். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ஹன்ட் ஒரு குழுவை அழைத்துச் சென்றபோது, அவர்களுடைய க்வாக்வாலா மொழியை ஒலிபிசகாமல் எழுதும் முறையை போவாஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து 1933இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள், ஹன்ட் எழுதிக்கொண்டே இருந்தார். புராணம், குலவரலாறு, சடங்கு, படகு செய்யும் விதம், கனவு என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் நியூயார்க்கிலிருந்த போவாஸுக்குத் தபாலில் போயின. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வந்தது.

இந்த மனிதரின் பெயர் நூல்களின் முகப்பில் எங்கே நின்றது என்று பார்த்தால் தலை சுற்றும். போவாஸின் 1897ஆம் ஆண்டு நூலில் ‘குறிப்புகள் எடுத்தவர்’. 1905இல் வெளியான மூலப்பாடத் தொகுதியில் போவாஸுக்குச் சமமாக, இணை ஆசிரியர். 1921இல் மறுபடி இறங்கி, ‘தரவு சேகரித்தவர்’. 1930இல் அவருடைய வாழ்க்கையே கேசலிட் என்ற ஒரு மந்திரவாதியின் வாக்குமூலமாகிவிட்டது. மனிதர் ஒருவரே, செய்த வேலையும் ஒன்றே. பெயர் மட்டும் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மானிடவியலின் வரலாற்றைப் பாடநூல்கள் ஒரு குருபரம்பரையாகச் சொல்கின்றன. டைலர், மார்கன், போவாஸ், மலினோவ்ஸ்கி, லெவி-ஸ்ட்ராஸ் என்று ஆசான்களின் வரிசை. ஒருவர் கோட்பாட்டை அடுத்தவர் மறுத்த கதை. ஒரு மக்களின் வாழ்வை நேரில் பார்த்து விவரிக்கும் இனவரைவியல் நூலைக் கையில் எடுத்தால் நான் முதலில் நன்றியுரையைப் படிப்பவன். அந்தத் துறையில் உண்மையில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். மொழிபெயர்த்தவர், எழுதியவர், வழிகாட்டியவர், பேச மறுத்த முதியவரைப் பேச வைத்தவர், ஆய்வாளரின் தவறான ஊகத்தைக் கேட்டுச் சிரித்துத் திருத்தியவர். இவர்கள் எல்லோருக்கும் துறை வைத்த பெயர் ‘தகவலாளி’. பாவம், போலீஸுக்குத் துப்புக் கொடுப்பவரை அழைப்பதுபோல. குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதுபோல இவரைக் கேட்டால் தகவல் வரும் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. குழாய்க்கு நோக்கம் கிடையாது. ஆனால் இவர்களுக்கு இருந்தது.

அமெரிக்க மானிடவியலின் முதல் பெரும் நூலிலேயே இதைப் பார்க்கலாம். 1844இல் அல்பனி நகரத்தின் ஒரு புத்தகக் கடையில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற இளம் வழக்கறிஞர் தற்செயலாக ஒரு செனக்கா பழங்குடி இளைஞனைச் சந்தித்தார். பெயர் ஈலி பார்க்கர், பதின்வயது தாண்டாதவர். தங்கள் நிலம் பறிபோவதைத் தடுக்க வந்த செனக்கா தலைவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக அங்கே வந்திருந்தார். மார்கனுக்கு, செனக்காக்களை உள்ளடக்கிய இரோகுவா மக்களின் சடங்குகளும் உறவுமுறையும் தேவைப்பட்டன. பார்க்கருக்குச் சட்டமும் வெள்ளையர் ஆதரவும் தேவைப்பட்டன. மார்கன் அந்த நில வழக்கில் துணை நின்றார். பார்க்கர் தன் குடும்பத்தின் கதவைத் திறந்துவிட்டார். 1851இல் வந்த இரோகுவா நூலை மார்கன் பார்க்கருக்கே காணிக்கையாக்கி, அதிலுள்ள செய்திகள் தங்கள் இருவருடைய கூட்டு ஆய்வின் பலன் என்று அச்சிட்டார். நேர்மையான வரிதான். ஆனாலும் அட்டையில் இருந்தது ஒரே பெயர்.

பார்க்கர் சட்டம் படித்தும், அமெரிக்கக் குடிமகன் அல்ல என்ற காரணத்தால் வழக்கறிஞராக அனுமதிக்கப்படவில்லை. பொறியாளரானார். உள்நாட்டுப் போரில் ஜெனரல் கிராண்ட்டின் செயலாளராகி, 1865இல் தென்மாநிலப் படை சரணடைந்தபோது அந்த நிபந்தனைகளைத் தன் கையால் படியெடுத்தார். 1869இல் பழங்குடி விவகாரத் துறையின் ஆணையரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பழங்குடி அவர். இத்தனையும் சாதித்தவரை மானிடவியல் நினைவில் வைத்திருப்பது மார்கனின் தகவலாளியாக.

இந்த வழக்கம் மானிடவியல் என்ற பெயருக்கே முந்தியது. 16ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் பெர்னார்தினோ தெ சகாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, நவுவா மக்களின் தெய்வங்கள், மருந்துகள், வணிகர்கள், பழமொழிகள், ஸ்பானியப் படையெடுப்பு என எல்லாவற்றையும் பன்னிரண்டு புத்தகங்களில் தொகுத்தார். பக்கத்தின் ஒரு பாதியில் அவர்களுடைய நவாட்ல் மொழி, மறுபாதியில் ஸ்பானியம். ‘முதல் மானிடவியலாளர்’ என்ற பட்டம் அவருக்குத் தாராளமாக வழங்கப்படுகிறது. நவாட்ல் பகுதியை எழுதியவர்கள் அன்டோனியோ வலேரியானோ, அலோன்சோ வெகரானோ, மார்ட்டின் ஹகோபிட்டா, பெத்ரோ தெ சான் புவெனவெந்தூரா முதலான நவுவா அறிஞர்கள். 1536இல் த்லாதெலோல்கோவில் தொடங்கிய கல்லூரியில் இலத்தீன் படித்தவர்கள். ஊர் ஊராகச் சென்று முதியோர்களிடம் கேட்டு, ஓவியம் வரையவைத்து, வார்த்தைகளைத் தேடியவர்களும் அவர்களே. 1576இல் கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டு போன நாட்களில்கூட அந்தப் பிரதியின் வேலை நிற்கவில்லை. நன்மை சொல்ல வேண்டுமானால், இந்தப் பெயர்கள் நமக்குத் தெரிவதே சகாகுன் அவற்றை எழுதிவைத்ததால்தான். பிற்காலப் பேராசிரியர்கள் பலர் இந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை.

இந்தக் கேள்வியை நீலகிரியில் வைத்துப் பார்த்தால் இன்னும் கூர்மையாகிறது. சிறிய இந்த மலைத்தொடர் மானிடவியலுக்கு ஒரு காலத்தில் புண்ணியத்தலம். 1901–02இல் இங்கே வந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், தோடர்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூல், களஆய்வு எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதற்கு நெடுங்காலம் முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. ரிவர்ஸுக்குத் தோடா மொழி தெரியாது. சாமுவேல் என்ற கிறிஸ்தவ சபை ஊழியரும், ஆல்பர்ட் என்ற வனத்துறை ஊழியரும் மொழிபெயர்த்தார்கள். அதாவது அந்தச் செவ்வியல் நூலின் ஒவ்வொரு வரியும் இன்னொருவர் காது வழியாகவும் வாய் வழியாகவும் நுழைந்து வந்தது.

ரிவர்ஸ் மறைக்காமல் பதிவுசெய்த ஒரு செய்தி எனக்கு அந்த நூலின் உறவுமுறை அட்டவணைகளைவிட முக்கியமாகப் படுகிறது. புனித இடங்களைக் காட்டிய ஒரு தோடர் நோயில் விழுந்தார். மிகப் புனிதமான ஒரு சடங்கைச் செய்துகாட்டிய மற்றொருவர் சில நாட்களில் மனைவியை இழந்தார். எருமைப் பாலைச் சடங்கோடு கையாளும் பால் கோயிலின் இரகசியங்களைச் சொன்ன மூன்றாமவருடைய ஊர்ப் பால் கோயில் தீப்பற்றி எரிந்தது. குறி சொல்பவர்கள், அந்நியனிடம் இரகசியத்தைச் சொன்னதால் வந்த தெய்வக் கோபம் என்றார்கள். அதன் பிறகு ரிவர்ஸிடம் பேச வருபவர்கள் குறைந்துபோனார்கள். தகவல் தருவது இலவசமான காரியம் அல்ல. தங்கள் ஊருக்குள் தாங்களே விலை கொடுக்கும் காரியம் என்று அந்த மூவருக்கும் தெரிந்துவிட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே மலையில் இன்னொரு காட்சி. மொழியியலாளர் எம். பி. எமனோ 1935இல் இந்தியா வந்து கோத்தர் மொழியைப் பதிவுசெய்தார். 1944 முதல் 1946 வரை நான்கு பாகங்களாக வந்த அந்தத் தொகுப்பின் கதைகளைச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். கோத்தர் சமூக வாழ்வை ஆராய வந்த டேவிட் மாண்டல்பாமுக்கும் அவரே முதன்மைத் துணை. ஆக, கோத்தர்களைப் பற்றி 20ஆம் நூற்றாண்டில் உலகம் அறிந்துகொண்டதில் பெரும்பங்கு ஒரே மனிதரின் நாவிலிருந்து வந்தது. சுள்ளி பள்ளி ஆசிரியர். ஆங்கிலமும் தமிழும் அறிந்தவர். அதைவிட முக்கியம், அவர் ஒரு சீர்திருத்தக்காரர். கோத்தர் ஆண்கள் நீண்ட முடி வைத்திருந்த காலத்தில் முடியை வெட்டிக்கொண்டவர். பிற சமூகங்கள் தங்களை இழிவாகப் பார்க்கக் காரணமான பழைய வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்று சொந்த ஊரிலேயே சண்டை போட்டவர். பழமையை எதிர்த்து நின்ற மனிதர் வாயிலாகத்தான் அந்தப் பழமையின் ஆவணம் நமக்குக் கிடைத்திருக்கிறது. சொல்லும் கதைகளில் தன்னைச் சற்று நடுவில் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் சுள்ளிக்கு உண்டு என்பதை மாண்டல்பாமும் கவனித்திருக்கிறார். எந்த எழுத்தாளருக்குத்தான் அது இல்லை?

மாண்டல்பாம் சுள்ளியைப் பற்றி எழுதிய சித்திரம், ஜோசப் காசாகிராண்டே 1960இல் தொகுத்த நூலில் இருக்கிறது. இருபது மானிடவியலாளர்கள் தங்களுக்குக் களத்தில் உதவிய ஒருவரைப் பற்றி எழுதிய சித்திரங்கள் அவை. அந்த நூலிலேயே விக்டர் டர்னர், வடக்கு ரொடீசியாவில் (இன்றைய சாம்பியா) மூலிகை வைத்தியர் முச்சோனாவைப் பற்றி எழுதினார். டர்னரைப் புகழ்பெறச் செய்த குறியீட்டு ஆய்வுகளுக்கு முச்சோனாவின் விளக்கங்களே அடிப்படை. முச்சோனா, விண்ட்சன் காஷினகாஜி என்ற பள்ளி ஆசிரியர், டர்னர் என்று மூவரும் உட்கார்ந்து மாதக்கணக்கில் விவாதித்தார்கள். ஏறக்குறைய ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கு. மூவரில் ஒருவருக்குத்தான் பிறகு பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்தக் களத்தில் டர்னரின் மனைவி எடித்தும் உடனிருந்து வேலை செய்தார். கணவர் இறந்த பிறகே அவர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

இனி இன்னொரு திசை. ‘நீண்ட காலம் தங்கி, மொழி கற்று, மக்களோடு வாழ்ந்து’ ஆய்வு செய்யும் முறையை மலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கண்டுபிடித்தார் என்பது துறையின் தலபுராணம். அவருக்கு ஒரு தலைமுறை முன்பே, சைபீரியாவிலும் சகாலின் தீவிலும் பலர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். விரும்பிப் போனவர்கள் அல்லர். ஜார் ஆட்சி நாடுகடத்திய புரட்சிக்காரர்கள்.

லெவ் ஷ்டெர்ன்பெர்க் சிறையிலிருந்து 1889இல் சகாலினுக்கு அனுப்பப்பட்டார். தீவின் நிவ்க் மக்களோடு பழகி, அவர்களின் மணமுறையையும் உறவுச் சொற்களையும் குறித்துவைத்தார். அந்தச் செய்தி ஒரு ரஷ்யப் பத்திரிகையில் வர, 1892இல் எங்கெல்ஸ் அதை ஜெர்மன் வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார். ப்ரோனிஸ்லாவ் பில்சுட்ஸ்கியின் கதை இன்னும் துயரமானது. ஜாரைக் கொல்ல 1887இல் நடந்த சதியில் லெனினின் அண்ணன் தூக்கில் ஏறினார். அதே வழக்கில் பில்சுட்ஸ்கிக்குப் பதினைந்து ஆண்டுக் கடுங்காவல். சகாலினில் ஐனு மக்களின் மொழியைக் கற்றார், மெழுகு உருளைகளில் அவர்கள் குரலைப் பதிவுசெய்தார், ஐனு பெண்ணை மணந்தார். ஐரோப்பா திரும்பும்போது மனைவி மக்களை அழைத்துவர இயலவில்லை. 1918இல் பாரிஸில் சேன் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். தம்பி யோசெஃப் அந்த ஆண்டே சுதந்திர போலந்தின் தலைவரானார்.

விளாதிமிர் போகராசும் விளாதிமிர் யோகெல்சனும் இப்படி நாடுகடத்தப்பட்டவர்களே. வட பசிபிக் கரை மக்களை ஆராய நியூயார்க் அருங்காட்சியகம் 1897இல் தொடங்கிய ஜெசப் ஆய்வுப்பயணத்துக்கு போவாஸ் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு உதவுமாறு அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் போன அதே வேளையில், அவர்களைக் கண்காணிக்கும்படி இரகசிய உத்தரவு ஒன்றும் போனது. யோகெல்சனின் மனைவி தினா ப்ரோட்ஸ்கயா உடலளவுகள் எடுத்தார், புகைப்படங்கள் எடுத்தார். மருத்துவம் படித்த அவர் இல்லாமல் அந்தப் பகுதியின் பாதி வேலை நடந்திருக்காது. ரஷ்ய மொழியில் எழுதப்பட்டதாலும், எழுதியவர்கள் கைதிகளாக இருந்ததாலும் இந்த மரபு ஆங்கிலப் பாடநூல்களின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முயன்றவர் மரியா சாப்லிட்ஸ்கா. வார்சாவில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். நாடுகடத்தப்பட்டோரின் எழுத்துகளைத் திரட்டி சைபீரியப் பழங்குடிகளைப் பற்றி 1914இல் நூல் வெளியிட்டார். அதே ஆண்டு ஒரு சிறு குழுவோடு யெனிசெய் ஆற்றுப் பகுதிக்குப் போய், ஒரு முழுக் குளிர்காலத்தை அங்கே கழித்தார். 1916இல் ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் விரிவுரையாளரானார். அந்த வேலைக்கு வந்த முதல் பெண். வேலை கிடைத்தது ஏன்? அந்த இடத்தில் இருந்த ஆண் போருக்குப் போயிருந்தார். 1919இல் அவர் திரும்பியதும் வேலை போயிற்று. 1921இல், 36 வயதில், சாப்லிட்ஸ்கா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடன், நிலையற்ற வேலை, தனிமை என்று காரணங்களை அடுக்கலாம். மலினோவ்ஸ்கியும் அவரும் ஒரே நாட்டிலிருந்து, ஒரே ஆண்டில், 1910இல் லண்டன் வந்து ஒரே ஆசிரியரிடம் படிக்கத் தொடங்கியவர்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

துறைக்குள் நுழையும் வாசல் எவ்வளவு குறுகலானது என்பதற்கு பாரிஸும் சாட்சி. அங்கே 1859இல் தொடங்கிய மானிடவியல் சங்கம் மண்டையோடுகளை அளந்து மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கிக்கொண்டிருந்தது. 1884இல் ஹைட்டியிலிருந்து வந்த அந்தெனோர் ஃபிர்மென் என்ற வழக்கறிஞர் அதில் உறுப்பினரானார். கறுப்பர்கள் தாழ்ந்தவர்கள் என்று பேசும் கூட்டத்தில் ஒரு கறுப்பர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே எழுந்து வாதாடவில்லை. வீட்டுக்குப் போய் எழுதினார். மறு ஆண்டே, மனித இனங்கள் சமம் என்று 600 பக்கங்களுக்கு மேல் நீளும் நூலை வெளியிட்டார். அளவுகளை அவர்களுடைய அட்டவணைகளிலிருந்தே எடுத்து, அவை ஒன்றோடொன்று முரண்படுவதைக் காட்டினார். நிறம் என்பது வெயிலும் சூழலும் சார்ந்தது என்றார். போவாஸ் இனவாத அறிவியலை உடைத்தார் என்று நாம் படிக்கும் நூல் வந்தது 1911இல்; ஃபிர்மென் இறந்த ஆண்டும் அதுதான்.

சங்கம் அந்த நூலை விவாதிக்கவில்லை. பிற்பாடு ஒரு கூட்டத்தில் ஃபிர்மெனிடம், உங்கள் அறிவுக்கு வெள்ளை முன்னோர் யாரேனும் காரணமோ என்று கேள்வி வந்தது. கேட்டவர் க்ளெமான்ஸ் ருவாயே. டார்வினை பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர், அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். ஒரு கதவைத் தட்டித் திறந்தவரே அடுத்த கதவுக்குக் காவல் நின்ற கதை இது. ஃபிர்மெனின் நூல் ஆங்கிலத்துக்கு வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நியூயார்க்கில் போவாஸின் வகுப்பறை இவ்வளவு குறுகல் அல்ல. அங்கே பெண்கள் இருந்தார்கள், கறுப்பர்கள் இருந்தார்கள், பழங்குடிகள் இருந்தார்கள். வகுப்பறைக்கு வெளியேதான் வாசல் சுருங்கியது. கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1926இல் ஹார்லெம் தெருக்களில் அளவுகருவியோடு நின்று, போகிறவர் வருகிறவர் தலைகளை போவாஸுக்காக அளந்தார். 1927இல் ஒரு செல்வச் சீமாட்டி மாதம் 200 டாலர் தர ஒப்புக்கொண்டார். ஒப்பந்தப்படி ஹர்ஸ்டன் சேகரிக்கும் நாட்டார் கதைகளும் பாடல்களும் பணம் தருபவருக்கே சொந்தம். தான் பிறந்து வளர்ந்த சமூகத்தின் கதைகளை அச்சிட இன்னொருவர் அனுமதி தேவைப்பட்டது! பிறகு முனைவர் படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையும் சுருக்கப்பட்டது. பட்டம் முடியவில்லை, பல்கலைக்கழக வேலை என்ற பேச்சே இல்லை.

எல்லா டெலோரியா என்ற பெண்ணின் நிலை வேறு மாதிரியான சிக்கல். டகோட்டா பழங்குடியில் பிறந்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1927 முதல் போவாஸுக்காக வேலை செய்தார். 1932இல் டகோட்டா கதைகளின் தொகுதி வந்தது. 1941இல் வந்த டகோட்டா இலக்கணத்தில் போவாஸோடு இணை ஆசிரியர். ஆனால் நிரந்தரச் சம்பளம் என்று எதுவும் இல்லை. இந்த வேலைக்கு இவ்வளவு என்று துண்டு துண்டாக வந்த பணத்தில் சகோதரியையும் பார்த்துக்கொண்டு, சில காலம் காரிலேயே வாழ்ந்தார். ஒருவர் வீட்டுக்குப் போனால் உணவும் பரிசும் கொண்டுபோக வேண்டும், வெள்ளைக்காரரைப்போலக் கையை வீசிக்கொண்டு போய்க் கேள்வி கேட்க முடியாது என்று போவாஸுக்குக் கடிதத்தில் விளக்கினார். உறவுமுறையை ஆராய்பவருக்கு அந்த உறவுமுறைக்குள்ளேயே ஓர் இடம் இருந்தது. அதன் செலவைக் கணக்கில் எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஒரு மருத்துவர் முன்பு பதிவுசெய்திருந்த லகோட்டா புராணங்களைச் சரிபார்க்கும்படி போவாஸ் அவரை அனுப்பினார். முதியவர்களிடம் படித்துக்காட்டினார் டெலோரியா. இப்படி ஒரு கதையை நாங்கள் கேட்டதே இல்லை என்றார்கள். போவாஸ் மேலும் தேடச் சொன்னார். டெலோரியா தன் முடிவிலிருந்து நகரவில்லை. ‘தகவலாளி’ மேதையின் எதிர்பார்ப்பை மறுக்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. 1940களில் அவர் எழுதிய, ஒரு டகோட்டா பெண்ணின் வாழ்வைச் சொல்லும் நாவல் 1988இல் வந்தது. டெலோரியா 1971இலேயே இறந்துவிட்டார்.

மனைவிமார்கள் தனி அத்தியாயம். ஹன்ட்டின் கதைக்குள்ளேயே அது இருக்கிறது. 1921ஆம் ஆண்டு நூலில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சமையல் குறிப்புகள்: சால்மன் மீனை எப்படிப் பிளப்பது, எப்படிக் காயவைப்பது, யாருக்கு எந்தத் துண்டு. அவை ஹன்ட்டின் மனைவிமாரின் அறிவு. அவர் கேட்டு எழுதினார், போவாஸ் பதிப்பித்தார். சமைத்தவர்கள் மூன்றாம் அடுக்கில் மறைந்தார்கள். விதிவிலக்காக ஒன்று சொல்ல வேண்டுமானால், சீனாவின் ஃபெய் சியாவ்துங். 1935இல் மணமான சில மாதங்களிலேயே மனைவி வாங் துங்ஹுயியோடு குவாங்சி மலைகளில் யாவ் மக்களை ஆராயப் போனார். புலிக்காக வைத்த பொறியில் ஃபெய் விழுந்து படுகாயமுற்றார். உதவி தேடிப் போன வாங், மலை ஓடையில் மூழ்கி இறந்தார். படுக்கையில் கிடந்தபடி ஃபெய் இருவருடைய குறிப்புகளையும் நூலாக்கினார். 1936இல் வெளிவந்த அந்த நூலில் வாங்கின் பெயர் நன்றியுரையில் அல்ல, ஆசிரியர் பெயராகவே நின்றது.

மறக்கப்பட்டவர்களை மீட்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அவர்களைத் தெய்வமாக்கிவிடுகிறார்கள். அதுவும் ஒருவகையில் குழாயாக்குவதே; புனிதருக்கும் சொந்த நோக்கம் கிடையாதே. ஹன்ட் 1904இல் வான்கூவர் தீவை ஒட்டிய நூட்கா தீவில் யூக்வாட் என்ற இடத்தில் திமிங்கில வேட்டையாளர்களின் வழிபாட்டுக் குடில் ஒன்றை, அதிலிருந்த மரச்சிலைகள், மனித மண்டையோடுகளோடு, இரண்டு தலைவர்களிடமிருந்து 500 டாலருக்கு வாங்கினார். மக்கள் வேட்டைக்குப் போன வேளையில் அது அகற்றப்பட்டு நியூயார்க் போயிற்று. போவாஸ் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. இன்னொரு புறம், செல்வத்தை வாரி வழங்கும் பொட்லாட்ச் விருந்து முதலான சடங்குகள் கனடாவில் சட்டவிரோதமாக இருந்த காலத்தில், சடங்கில் கலந்துகொண்டதாக 1900இல் கைதானவரும் இதே ஹன்ட். ஆய்வுக்காகப் போனேன் என்று சொல்லி விடுதலையானார். இரண்டு உலகங்களும் அவரைச் சந்தேகித்தன, இரண்டுக்கும் அவர் தேவைப்பட்டார்.

அமெரிக்காவின் ஒமாஹா பழங்குடி இனத்தின் ஃபிரான்சிஸ் லா ஃப்ளெஷ் சட்டம் படித்தவர். மானிடவியலாளர் ஆலிஸ் ஃப்ளெட்சரோடு இணை ஆசிரியராக 1911இல் தன் இனத்தைப் பற்றிய பெருநூலை எழுதியவர். 1888இல் ஒமாஹாக்களின் புனிதக் கம்பத்தை அதன் காவலரிடமிருந்து ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இல்லாவிட்டால் காவலரோடு புதைந்துபோகும் என்று அஞ்சினார். கம்பத்தின் இரகசியக் கதையைச் சொல்லக் காவலர் பயந்தபோது, வரும் கேட்டைத் தான் ஏற்கிறேன் என்றார் ஃபிரான்சிஸின் தந்தை ஜோசப். இரண்டே வாரத்தில், கதை சொல்லப்பட்ட அதே அறையில் அவர் இறந்துகிடந்தார். நீலகிரியின் அந்த மூன்று தோடர்களை எனக்கு நினைவூட்டிய பக்கம் அது. கம்பம் 1989இல் ஒமாஹா மக்களிடம் திரும்பியது.

ஹன்ட் தன் கடைசி ஆண்டுகளில் புதிய செய்திகள் அனுப்புவதைவிடப் பழையவற்றைத் திருத்துவதில் அதிக அக்கறை காட்டினார். 1897ஆம் ஆண்டு நூலைத் திரும்பப் படித்துப் பார்த்து, பெயர்கள் தவறு, படங்களுக்கான விளக்கம் தவறு, முகமூடி யாருடையது என்பது தவறு என்று போவாஸுக்கு எழுதினார். எழுதியதோடு நிற்காமல், பக்கம் பக்கமாகத் திருத்தங்களைத் தயாரித்து அனுப்பினார். ஒவ்வொரு முகமூடிக்கும் உரிய குடும்பம், அது வந்த திருமணம், சேர்ந்து வந்த பாடல் எல்லாம் அவற்றில் இருந்தன. அவை ஃபிலடெல்ஃபியாவில் போவாஸின் தாள்களோடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1970இல் அந்த நூல் மறுபதிப்பானபோது, 1897இல் அச்சான தவறுகள் அப்படியே மீண்டும் அச்சாயின.